கட்டைப் பிரிக்கவும் விட வேண்டும்

பத்துக் குச்சியை எண்ணி ரப்பர் பேண்டு போட்டால் ஒரு பத்து, மிஞ்சியவை ஒன்றுகள். தமிழக அரசுப் பள்ளிகளில் இடமதிப்பு பெரும்பாலும் இப்படித்தான் அறிமுகமாகிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் பொருளைக் கையில் கொடுத்தே கணக்கைச் சொல்லித்தந்தது; 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அப்படித்தான். நல்ல வழிதான். அதை விட்டு, பத்து, ஒன்று என்று கட்டம் போட்டு 34-ஐ 3, 4 என நிரப்பச் சொல்வது வெறும் பார்த்தெழுதும் வேலை.

திருப்பூரில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். மூன்று கட்டும் நான்கு குச்சியும் எந்த மொழிக்காரப் பிள்ளைக்கும் ஒன்றே.

ஆனால் கட்டு காட்டுவது தொகுப்பை மட்டுமே, இடத்தை அல்ல. மூன்று கட்டை வலப்பக்கமும் நான்கு குச்சியை இடப்பக்கமும் வைத்தாலும் அது 34-தான். எழுத்தில் இடம் மாறினால் 43. நூற்றைந்தை 1005 என்று எழுதும் பிள்ளை, காதில் விழுந்த நூற்றையும் ஐந்தையும் அடுத்தடுத்து வைக்கிறது. குச்சிகளால் இதைத் திருத்த முடியாது. பத்துகள் இல்லையென்றால் தரையில் அந்த இடத்தில் எதுவுமே இருக்காது, பூச்சியத்துக்கு அங்கே வேலையில்லை. ஆணிகளில் மணி கோக்கும் ஆணிமணிச்சட்டத்திலோ நடு ஆணி காலியாக நிற்பது கண்ணில் படும். அதன் குறை வேறு: எல்லா மணியும் ஒரே அளவு, பத்து ஒன்றுகள் ஒரு பத்தாவது அதில் தெரியாது. ஆக, ஒரே எண்ணை இரண்டிலும் செய்து பார்க்க வேண்டும்.

கான்ஸ்டன்ஸ் கமீ என்ற ஆய்வாளர் பிள்ளைகள் முன் 16 வில்லைகளை வைத்து, 16 என்ற எண்ணில் உள்ள 1 எவற்றைக் குறிக்கிறது என்று கேட்டார். பலர் காட்டியது ஒரே வில்லையை. நம் வகுப்புகளிலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

34-லிருந்து 8 எடுக்கச் சொன்னால், நான்கு குச்சியை எடுத்துவிட்டுப் பிள்ளை விழிக்கும். ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அதுவே கழற்றும் கணத்தில்தான் 'கடன் வாங்குதல்' அர்த்தமாகிறது. கட்டு கலைந்துவிடும் என்று ஆசிரியர் தடுத்தால் போயிற்று. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ஏசர் ஆய்வின் கணக்குத் தேர்வில் வரும் கழித்தலும் இந்த வகைதான். தமிழகக் கிராமப்புறத்தில் அதைச் செய்ய முடிந்த மூன்றாம் வகுப்பினர் 2018-இல் 25.9 விழுக்காடு, கொரோனா முடக்கத்துக்குப் பின், 2022-இல் 11.2.

பனியனை எண்ணும் ஊர்க் கணக்கையும் பயன்படுத்தலாம். ஐந்து டஜன், மூன்று பீஸ் என்றால் எத்தனை? 53 என்று சட்டென வரும் பதிலை எண்ணிப் பார்க்க விட வேண்டும். 63 வரும்போது, இடப்பக்க 5-க்கு மதிப்பு தருவது கட்டின் அளவு என்பது பிடிபடும். பத்தே உறுதிப்படாத இரண்டாம் வகுப்பில் இது குழப்பும், நான்காம் வகுப்புக்குச் சரியாக இருக்கும்.

இதற்கெல்லாம் நேரம்தான் தடை. எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைப் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு, மதிப்பீட்டையும் செயலியில் ஏற்றும் ஆசிரியரிடம், கட்டு கலையும்வரை காத்திருக்கச் சொல்கிறோம். செயலி கேட்பது விடையை மட்டும்தான்.