உருவகமும் சான்றும்: இழைமணி, செல் மூப்பு, துணையூட்டப் பொருள்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

இழைமணியில் தோன்றும் தனி உறுப்புகளே செல் மூப்புக்குக் காரணம் என்னும் கோட்பாடு அரை நூற்றாண்டுக்கு மேலாக வழங்கி வருகிறது. ‘இளமை காக்கும்’ எனப்படும் சத்து மாத்திரைகள் பலவும் அதனை அடியொற்றியே விற்பனைக்கு வருகின்றன. கோட்பாட்டிலிருந்து மாத்திரைக்குச் செல்லும் தருக்கம் எத்துணை உறுதியானது என்பதை வெளிவந்த ஆய்வு முடிவுகளின் துணைகொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: இழைமணி, செல் மூப்பு, தனி உறுப்பு, ஆக்சிஜனேற்றத் தடுப்பான், துணையூட்டப் பொருள், உருவகம்

முன்னுரை

1898ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெண்டா செல்லின் நுண்ணுறுப்பு ஒன்றுக்கு மைட்டோகாண்ட்ரியா எனப் பெயரிட்டார். இழை, மணி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பயிலும் ‘இழைமணி’ என்னும் கலைச்சொல் அப்பொருளைச் சிதைவின்றித் தாங்கி நிற்கிறது. எனினும் பொதுவழக்கில் நிலைத்தது வேறோர் உருவகம். 1957இல் ஃபிலிப் சைகெவிட்ஸ் எழுதிய கட்டுரை வழியே பரவிய ‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்பதே அது.

உருவகம் விளக்குவதோடு நின்றுவிடுவதில்லை, சிந்தனையையும் வழிநடத்துகிறது. ஆற்றல் நிலையம் என்றால் புகை உண்டு. புகை உண்டெனில் கரி படியும். கரி படிந்தால் துடைக்க ஒரு பொருள் வேண்டும். துணையூட்டப் பொருள்களின் விளம்பரங்கள் கூறும் கதை பெரும்பாலும் இதுவே.

கோட்பாட்டின் தோற்றம்

டென்ஹாம் ஹார்மன் 1956இல் தனி உறுப்புக் கோட்பாட்டை முன்வைத்து, 1972இல் அதன் மையத்தை இழைமணிக்கு நகர்த்தினார். உணவிலிருந்து பெறப்படும் எலெக்ட்ரான்கள் இழைமணியின் உட்சவ்வு வழியே ஆக்சிஜனைச் சென்றடையும்போது ஏடிபி உருவாகிறது. வழியில் கசியும் சில எலெக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர் ஆக்சைடைத் தோற்றுவிக்கின்றன. மனித இழைமணிக்கு 16,569 இணைகளும் 37 மரபணுக்களும் கொண்ட தனி டி.என்.ஏ. உண்டு. கசிவு நிகழும் இடத்திற்கு அருகிலேயே அது இருப்பதால் சிதைவுக்கு உள்ளாகிறது, சிதைந்த டி.என்.ஏ. மேலும் கசிவைப் பெருக்குகிறது. இச்சுழலே மூப்பு என்பது கோட்பாட்டின் சாரம்.

கோட்பாட்டை அசைத்த சான்றுகள்

2004இல் வெளிவந்த ஸ்வீடன் நாட்டு ஆய்வு இச்சுழலை நேரடியாகச் சோதிக்க வழிவகுத்தது. இழைமணி டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியின் பிழைதிருத்தும் திறன் எலிகளில் நீக்கப்பட்டது. பிறழ்வுகள் பெருகின, முடி உதிர்தல், முதுகு வளைதல், எலும்பு நலிதல் முதலிய முதுமைக் குறிகள் விரைந்து தோன்றின, ஆயுளும் குறைந்தது. ஆயின் அடுத்த ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் இவ்வெலிகளில் ஆக்சிஜனேற்றச் சிதைவு குறிப்பிடத்தக்க அளவில் மிகவில்லை எனக் காட்டின. இழைமணிச் சிதைவு முதுமையை விரைவுபடுத்தக்கூடும் என்பது உறுதிப்பட்டது; ‘புகை’யே அதற்கு வாயில் என்பது உறுதிப்படவில்லை.

2009இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், சூப்பர் ஆக்சைடை நீக்கும் நொதிகளுள் ஒன்றான சாட்-2 அகற்றப்பட்ட உருளைப்புழுக்கள் இயல்பான புழுக்களைவிட நெடுநாள் வாழ்ந்தன. மறுபுறம், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் காட்டலேஸ் நொதியை இழைமணிக்குள்ளேயே செலுத்தியபோது எலிகளின் இடைநிலை ஆயுள் ஏறத்தாழ ஐந்து மாதம் கூடியதை 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆகவே கோட்பாடு முற்றிலும் பிழையன்று. தனி உறுப்புகள் சிதைவையும் விளைவிக்கின்றன. குறைந்த அளவில் செல்லின் தற்காப்பைத் தூண்டும் செய்தியாகவும் பணியாற்றுகின்றன. இவ்விரண்டாம் பணியைப் ‘புகை’ உருவகம் மறைத்துவிடுகிறது.

துணையூட்டப் பொருள்கள்: சோதனைகள் காட்டுவன

செய்தியைக் கழிவெனக் கருதித் துடைத்தால் நேர்வது என்ன? 2009இல் ஜெர்மனியில் நிகழ்ந்த ஆய்வில் இளைஞர்கள் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தனர். நாள்தோறும் 1,000 மி.கி. வைட்டமின் சி, 400 அலகு வைட்டமின் ஈ ஆகியவற்றை உட்கொண்டோரிடம், பயிற்சியால் விளைய வேண்டிய இன்சுலின் உணர்திறன் மேம்பாடு காணப்படவில்லை, உட்கொள்ளாதோரிடம் காணப்பட்டது.

தீங்கு இதனோடு முடியவில்லை. 29,133 ஆண் புகைப்பாளர்களிடம் நிகழ்ந்து 1994இல் முடிவு வெளியான பின்லாந்து ஆய்வில் பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு மிகுந்திருந்தது. 2011இல் வெளியான ஆய்வு முடிவில் வைட்டமின் ஈ உட்கொண்ட ஆண்களிடையே புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு மிகுந்திருந்தது.

கோஎன்சைம் க்யூ10 இருவகை முடிவுகளைத் தந்துள்ளது. 420 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் நாளொன்றுக்கு 300 மி.கி. வழங்கப்பட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வு பயனைக் காட்டியது. அதே ஆண்டில் வெளிவந்த, தொடக்கநிலை பார்க்கின்சன் நோயாளிகள் 600 பேரிடம் 2,400 மி.கி. வரை வழங்கிய ஆய்வு பயனேதும் காட்டவில்லை. இவ்விரண்டும் நோயாளிகள் பற்றியவை. முதுமை பற்றியவை அல்ல.

அளவீடும் பயனும்

அண்மைக்காலப் பொருள்களைப் பொறுத்தவரை சிக்கல் வேறு. நிகோடினமைடு ரைபோசைடு 55 முதல் 79 வயதினரிடம் ஆறு வாரம் சோதிக்கப்பட்டபோது இரத்த அணுக்களில் என்.ஏ.டி. அளவு ஏறத்தாழ 60 விழுக்காடு உயர்ந்தது. இம்முடிவு 2018இல் வெளியானது. உயர்ந்தது ஒரு வேதிப்பொருளின் அளவு; அதனால் மூப்பு தணியும் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. பழுதுற்ற இழைமணியைச் செல் தானே விழுங்கி அகற்றும் மைட்டோஃபேஜியைத் தூண்டுவதாகக் கருதப்படும் யூரோலித்தின் ஏ, 66 முதியோரிடம் சோதிக்கப்பட்டது. 2022இல் வெளியான அதன் முடிவின்படி தசைத் தாங்குதிறன் மேம்பட்டது. ஆறு நிமிட நடைத் தொலைவில் மருந்துப்போலி பெற்றோரைவிடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அளவீட்டின் உயர்வைப் பயனெனக் கொள்வதே விளம்பரத்தின் முதற்பிழை. குறைபாட்டை நீக்கும் பொருள் குறைபாடற்றவரையும் மேம்படுத்தும் எனக் கொள்வது இரண்டாம் பிழை.

முடிவுரை

இழைமணிக்கும் மூப்புக்கும் தொடர்புண்டு என்பதில் ஐயமில்லை. ஆயின் அத்தொடர்பு ஒரே மாத்திரையால் திருத்தத்தக்க எளிய வழியில் அமையவில்லை. ஓடப் பழக்கிய எலிகளின் தசையில் இழைமணியின் சுவாசத்திறன் ஏறத்தாழ இருமடங்கானதை ஹோலோசி 1967இலேயே காட்டினார். உடலுழைப்பு இழைமணியைப் புதுக்குகிறது என்னும் இம்முடிவு இன்றளவும் வலுவாக நிற்கிறது. இழைமணிகள் ஒன்றோடொன்று இணைந்து இழையாகவும் பிரிந்து மணியாகவும் ஓயாது மாறுபவை என்பது இன்று தெளிவு. அவ்வியல்பை ‘ஆற்றல் நிலையம்’ காட்டாது, ‘இழைமணி’ காட்டும். கலைச்சொல் தேர்வு மொழிச்சிக்கல் மட்டுமன்று. ஓய்வூதியத்தில் ஒரு பங்கை மாத்திரைக்குச் செலவிடும் முதியவர் எதை நம்புகிறார் என்பதையும் அது தீர்மானிக்கிறது. அறிவியல் தமிழ் எழுதுவோர் கருத்தில் இருத்த வேண்டிய பொறுப்பு இது.