பெயரும் பித்தும்: த்ரூஃபோவின் ‘அடேல் எச். கதை’

பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ 1975இல் அளித்த ‘அடேல் எச். கதை’ திரைப்படத்தை நிறைவேறாக் காதலின் சோகக் கதை என்று கொள்வது எளிது. அவ்வாறு கொள்வோர் அதன் தலைப்பைக் கவனிக்கத் தவறியோரே ஆவர். தலைப்பு ஓர் எழுத்தோடு நின்றுவிடுகிறது. அவ்வெழுத்தின் பின்னே மறைந்திருக்கும் பெயர் ஹியூகோ. சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழுக்குத் தந்த நாவலின் ஆசிரியர் விக்டர் ஹியூகோவின் இளைய மகளே இந்த அடேல்.

கதை 1863இல் தொடங்குகிறது. நாடு கடந்து கெர்ன்சித் தீவில் வாழும் தந்தையை விட்டு, பின்சன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரியைத் தேடி, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகருக்கு வருகிறாள் அடேல். அவனோ அவளை விரும்பவில்லை. அவள் விடுவதாயில்லை. மணம் முடிந்துவிட்டதெனப் பெற்றோருக்குப் பொய்க் கடிதம் எழுதுகிறாள். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் தந்தையிடம் சென்று, தான் கருவுற்றிருப்பதாகச் சொல்கிறாள். மனவசியக்காரனைக் கொண்டு அவனை மணக்க வைக்கலாமா என்றும் எண்ணுகிறாள்.

இத்தனைக்கும் அவள் உண்மையில் தேடுவது பின்சனையா? அவள் புனைபெயரில் தங்குகிறாள். வங்கியில் ஒரு சிறுவன் பெயர் கேட்க, ‘லியோபோல்தீன்’ என்கிறாள். அது 1843இல் சேன் நதியில் கணவனோடு மூழ்கி இறந்த அவளுடைய அக்காளின் பெயர். அவளிடம் அன்பு கொண்ட புத்தகக் கடைக்காரர் தந்தையின் நாவலைப் பரிசளிக்கும்போது, அவள் சீற்றம் கொள்கிறாள். தந்தையின் புகழுக்கும் அக்காளின் நினைவுக்கும் இடையே தனக்கென ஒரு பெயரின்றித் தவிப்பவளுக்குப் பின்சன் ஒரு சாக்கு மட்டுமே.

அரபு இலக்கியம் பயின்றோர்க்கு இங்கு கைஸின் நினைவு எழாமலிராது. அவனும் இயற்பெயர் மறைந்து ‘மஜ்னூன்’ ஆனவன். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. லைலா அவனை நேசித்தாள்; தடுத்தது குடும்பம். அடேலைத் தடுப்பதோ, விரும்பப்பட்டவனின் மறுப்பே. பிறனுடைய மறுப்பைப் பொருட்படுத்தாத வேட்கைக்குக் காதல் என்னும் பெயர் பொருந்தாது. படத்தின் வலிமை, அவளை இகழாமலே இதனை உணர்த்துவதில் உள்ளது.

குறையும் உண்டு. 1830இல் பிறந்த அடேல் அப்போது 30 வயதைக் கடந்தவர். அவராக நடித்த இசபெல் அஜானியோ படப்பிடிப்பின்போது 20 வயதை எட்டாதவர். அவரது நடிப்பு அரியது என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்விளமை, ஒரு நடுவயதுப் பெண்ணின் நெடுங்காலச் சிதைவை முதற்காதலின் வேகமாக மாற்றிக் காட்டிவிடுகிறது. பார்வையாளன் அஞ்ச வேண்டிய இடத்தில் இரங்கி நிற்கிறான்.

இறுதிப் பகுதி அக்குறையை ஈடு செய்கிறது. பார்படோஸ் தீவின் தெருவில் கிழிந்த ஆடையுடன் அலையும் அடேலின் எதிரே பின்சன் வந்து நிற்கிறான். அவள் அவனை அறியாமலே கடந்து செல்கிறாள். எவனுக்காகக் கடல் கடந்தாளோ, அவன் அவளுடைய வேட்கைக்கே தேவையற்றவனாகிவிட்டான். 1872இல் பிரான்சுக்கு அழைத்து வரப்பட்ட அடேல், 1915இல் இறக்கும்வரை மனநலக் காப்பகத்திலேயே வாழ்ந்தார். தந்தையின் பெயரை உலகறியும். மகளின் பெயருக்குத் த்ரூஃபோ மீட்டுத் தந்தது ஓரெழுத்து மட்டுமே. அடேல் தப்பியோட முயன்ற பெயரின் முதலெழுத்தும் அதுவே.