பரவையின் ஐயம்

நம் நெய்வேலி நகரியத்திலிருந்து பண்ருட்டி வழியாக எளிதில் போய்வரக்கூடிய ஊர் திருவெண்ணெய்நல்லூர். கம்பரைத் தாங்கிய சடையப்ப வள்ளலின் ஊர் அது. சுந்தரரை இறைவன் ஓலை காட்டி ஆட்கொண்டதும் அங்கேதான். சேக்கிழார் பெரியபுராணம் பாடியதாகச் சொல்லும் ஆயிரங்கால் மண்டபமோ நமக்கு மறுபக்கம், சிதம்பரத்தில். கம்பராமாயணம், பெரியபுராணம் என்னும் இவ்விரு நூல்களும் காதலைப் பாடிய விதத்தை நெய்வேலி மலரில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

முதற்காட்சிக்கு அளவுகோல் வகுத்தது தொல்காப்பியம். தலைவியைக் கண்ட தலைவன் 'தெய்வமகளோ' என்று ஐயுறுவான். சூடிய பூவையும் இமைக்கும் கண்ணையும் கண்டு மானுடப் பெண்ணே எனத் தெளிவான். இந்த ஐயம் அவனுக்கு மட்டுமே உரியது. அவளும் அவனைத் தெய்வமோ என்று நினைத்தால் அச்சம்தான் வரும், காமம் பிறக்காது என்பது உரை மரபு. சங்கத்தார் தலைமக்கள் பெயரைச் சுட்டாமல் அகத்தைப் பாடினர். பின்வந்த காப்பியங்களில் உறுப்புறுப்பாக அழகை வருணிப்பது வழக்கமாயிற்று.

வான்மீகத்தில் வில் முறியும் முன் இராமனும் சீதையும் பார்த்துக்கொள்வதில்லை. கம்பரோ அவனை மிதிலை வீதியிலும் அவளைக் கன்னிமாடத்திலும் நிறுத்தி, தமிழ்க் களவொழுக்கத்தையே காப்பியத்துக்குள் கொண்டுவந்தார். அன்றிரவு இருவருக்கும் உறக்கமில்லை. தன் மனம் தவறான வழியில் போகாது, ஆகவே அவள் கன்னியே என்று இராமன் தேறுகிறான். வில்லை ஒடித்தவன் தான் கண்டவன் அல்லனாயின் உயிர் விடுவதென்று சீதை துணிகிறாள். காட்சியின் அழகில் கம்பரை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் என் மனம் பெரியபுராணத்தின் திருவாரூர்ப் பரவையாரிடமே போகிறது. கோயிலுக்குத் தோழியரோடு வரும் அவரைக் கண்ட சுந்தரர், கற்பகக் கொம்போ, காமனின் பெருவாழ்வோ என்று அடுக்கிக்கொண்டே போய், சிவனருளோ என்று திகைத்து நிற்கிறார். இது இலக்கணம் சொன்ன வழிதான். அடுத்து சேக்கிழார் பரவையாரையும் ஐயுற வைக்கிறார்! முருகனோ, மன்மதனோ, சிவனின் மெய்யருள் பெற்றவனோ, என் மனத்தைத் திருப்பிய இவன் யாரோ என்று அந்தப் பெண் கேட்கிறாள். அச்சம் வரவில்லை, காதல்தான் வளர்கிறது. நாள்தோறும் சிவன் சன்னதியில் நிற்பவளுக்குத் தெய்வத்திடம் என்ன பயம்? ஆணுக்கு மட்டும் என்று வைத்திருந்த வியப்பை அவளுக்கும் சமமாகக் கொடுத்த இந்த இடத்துக்காகவே சேக்கிழாரைக் கொண்டாட வேண்டும்.

பின்னால் சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணந்து திரும்பியபோது பரவையார் ஊடினார். அகப்பாட்டில் ஊடல் தணிக்கப் பாணன் தூது போவான். இங்கே அந்த வேலையைச் சிவபெருமானே ஏற்று நள்ளிரவில் ஆரூர்த் தெருவில் நடந்தார். முதல் முறை அர்ச்சகர் வடிவில் வந்தவரைப் பரவையார் மறுத்தே அனுப்பினார். இறைவன் இன்னொரு முறை போக வேண்டியிருந்தது.