மூதின்முல்லையும் தாபதநிலையும்: போர்க் கவிதையிற் குடும்பம்

புறநானூற்றின் வீரத்தை எடுத்துரைக்க முற்படும் நம் பாடநூல்களும் மேடைகளும் தவறாது சுட்டுவது ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடலாகும். கணவனைப் போரிற் பறிகொடுத்தவள் தன் ஒரே மகனையும் களத்திற்கு அனுப்புகின்றாள். மூதின்முல்லைத் துறையைச் சேர்ந்த இப்பாடலில் இழப்பு பெருமிதமாக உருமாற்றம் பெறுகின்றது. மகன் சென்றபின் அவ்வீட்டின் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்னும் வினா அங்கு எழுவதில்லை.

அவ்வினாவுக்கான விடை அதே தொகுதியிலேயே உண்டு. தாபதநிலைத் துறையில் அமைந்த 248, 249, 250ஆம் பாடல்கள் கணவனை இழந்த பெண்ணின் நாளாந்த வாழ்வைப் பேசுவன. 248இல், இளமையில் தழையுடையாக உதவிய ஆம்பல், கைம்மையில் அவளுக்கு உணவாகின்றது. 249இல், அகன்ற நாட்டுக்குரியவனின் மனைவி, இறந்தவனுக்குப் படைப்பதற்காகச் சுளகளவான இடத்தைக் கண்ணீராலே மெழுகுகின்றாள். மூதின்முல்லை மறைத்த கணக்கைத் தாபதநிலை வெளிப்படுத்துகின்றது எனலாம்.

ஆயினும் தாபதநிலைக்கும் வர்க்க எல்லை உண்டு. 249இன் பெண் தலைவனொருவனின் மனைவி. அவனது நிலத்தில் உழைத்தோரின் குடில்கள் பாடலுக்குள் இடம்பெறவில்லை. மேலும், கைம்மையை ஒழுக்கமாகப் போற்றிய சமூகத்தில் பட்டினியும் நோன்பாகவே தோற்றங் கொண்டது.

ஈழத்துப் போர்க்காலத்தில் வீரத்தாய் என்னும் படிமம் மீண்டும் உயிர்பெற்றது. அதே காலப்பகுதியில், 1986இல், யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த பெண்கவிஞர்களின் ‘சொல்லாத சேதிகள்’ தொகுதி, பிறர் வகுத்த படிமங்களுக்குப் புறம்பாகப் பெண் தன் அனுபவத்தைத் தானே மொழிவதற்குக் களம் அமைத்தது. இது வெறும் உள்ளடக்க மாற்றமன்று. யார் பேசுவது என்பதில் ஏற்பட்ட மாற்றமாகும்.

2009 மே மாதத்திற் போர் முடிவுற்றபின் தோன்றிய நிலைமையோ இவ்விரு துறைகளுக்கும் அடங்காதது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். உறுதிப்படாத மரணத்திற்குப் பெருமிதமுமில்லை, கைம்மைச் சடங்குமில்லை. உழைத்துக் கொடுத்த கை வீட்டில் இல்லை. மரணச் சான்றிதழை ஏற்றால் தேடும் உரிமை வலுவிழக்குமோ என்ற அச்சமும் நீங்கவில்லை. துயரும் வறுமையும் இங்கு ஒரே பிரச்சினையின் இரு முகங்கள்.

எனவே, போர்க் கவிதையை மதிப்பிடும் விமர்சகன் அதன் உணர்ச்சி வேகத்தை மாத்திரம் நோக்குதல் போதாது. இழப்பின் சுமை எந்த வீட்டின்மீது, எந்த வர்க்கத்தின்மீது இறங்கியது என்பதை அக்கவிதை காண்கின்றதா எனவும் கேட்டல் வேண்டும். மரபு தந்த துறைகள் அக்கேள்விக்கு இடந்தராவிடின், புதிய துறைகளைப் படைப்பது கவிஞரின் கடன். அவற்றை இனங்காண்பது நமது கடன்.