மீன் இல்லையா, நாமும் மீனா?

லூலூ மில்லரின் 'வொய் ஃபிஷ் டோன்ட் எக்ஸிஸ்ட்' (2020) புத்தகத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். முடித்ததும் ஒரு சின்ன எரிச்சல். அது ஏன்னு புரியக் கொஞ்ச நாள் ஆச்சு.

புத்தகத்தின் மையம் டேவிட் ஸ்டார் ஜோர்டன். மீனியல் அறிஞர், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர். 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் அவருடைய மீன் ஜாடிகள் உடைந்து, எந்தப் பெயர் எந்த மீனுக்கு என்பதே கலைந்துபோகிறது. மனுஷன் அசரவில்லை, பெயர்ச்சீட்டை மீனின் உடம்போடு வைத்துத் தைக்கிறார். இந்த விடாப்பிடியை வியந்து தொடங்கும் மில்லர், அதே ஆள் 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறக் கூடாது என்று பிரச்சாரம் செய்த யூஜெனிக்ஸ்காரர் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். புத்தகத்தின் ஆகச்சிறந்த பக்கங்கள் அவை.

சிக்கல் கடைசியில்தான். இன்றைய வகைப்பாடு தோற்றத்தைவிட வம்சாவளியைப் பார்க்கிறது. ஒரு மூதாதையைச் சொன்னால் அதன் வாரிசுகள் அத்தனையும் அந்தக் குழுவில் வரணும். அப்படிப் பார்த்தால் நுரையீரல் மீனுக்கு சால்மனைவிட மாடுதான் நெருங்கிய சொந்தம். நம்மூர் மீன்கடையில் அடுத்தடுத்துக் கிடக்கும் வஞ்சிரத்தையும் சுறாவையும் எடுத்துக்கோங்க. எலும்பு மீனான வஞ்சிரத்துக்குக் குருத்தெலும்புச் சுறாவைவிட, பேரம் பேசிக்கொண்டு நிற்கும் நாம்தான் நெருக்கம். ஆகவே 'மீன்' என்று ஒரு குழுவே இல்லை, ஜோர்டன் வாழ்நாளெல்லாம் அடுக்கியது இல்லாத ஒன்றை என்கிறார் மில்லர்.

பட்டியலில் சிலர் விடுபட்டிருந்தால் அதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. பட்டியலையே டெலிட் செய்யலாம், விடுபட்டவர்களைச் சேர்க்கலாம். பறவைகள் டைனோசர் வம்சம் என்று உறுதியானபோது, 'டைனோசரே இல்லை' என்று யாரும் சொல்லவில்லை. பறவைகளையும் டைனோசர்களில் சேர்த்துக்கொண்டோம். நீல் ஷூபின் தன் 'யுவர் இன்னர் ஃபிஷ்' (2008) நூலில் போனது இந்த இரண்டாவது வழியில். 37.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டிக்டாலிக்கின் துடுப்புக்குள் அவர் கண்டது நம் மேற்கை எலும்பின் பழைய வடிவத்தை.

மில்லர் முதல் வழியைத் தேர்ந்தது வெறும் சொல் விஷயம் இல்லை. மீனை அழித்துவிட்டால் நாம் கரையிலேயே நிற்கிறோம், கை நனையாமல். 'நாமும் மீன்தான்' என்றால் ஜோர்டன் ஏறி நின்ற ஏணியிலிருந்து இறங்கியாக வேண்டும்.

வர்ஜீனியாவில் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்ட ஒரு பெண்ணை மில்லர் நேரில் போய்ப் பார்க்கிறார். அவரிடம் 'மனிதர் என்ற வகையே கிடையாது' என்று சொன்னால் அது என்ன ஆறுதல்? நீங்களும் எங்களில் ஒருவர் என்பதுதானே அவருக்கு மறுக்கப்பட்ட வாக்கியம்.