மருத்துவர் நாற்காலியில் ரவுடி: ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ படத்தில் தழுவலும் பேச்சும்

முன்னுரை

குற்றக்கும்பலின் தலைவனை மருத்துவரின் எதிரே நிறுத்தி நகைச்சுவை விளைவிப்பது திரைப்படத்தில் அறியப்பட்ட உத்தியாகும். ஹரால்ட் ராமிஸ் இயக்கிய ‘அனலைஸ் திஸ்’ (1999) இதற்குத் தக்க சான்று. தமிழில் இதனை நெருங்கி வருவது, சரண் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ (2004). ராஜ்குமார் ஹிரானியின் ‘முன்னா பாய் எம்.பி.பி.எஸ்.’ (2003) என்னும் இந்திப் படத்தின் மறுஆக்கமான இதற்குக் கிரேசி மோகன் உரையாடல் எழுதினார். இவ்விரு படங்களிலும் ரவுடியின் மனக்காயம் ஆற்றப்படும் முறையை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது.

இடமாற்றம்

அமெரிக்கப் படத்தில் பால் விட்டி நோயாளி. திடீர் அச்சத்தால் மூச்சுத்திணறும் அவன், உளமருத்துவரைத் தேடிச் செல்கிறான். தமிழ்ப் படத்தில் ராஜா நோயாளி அல்லன். ஏமாற்றிக் கல்லூரியில் நுழைந்து மருத்துவரின் இடத்தைப் பிடிப்பவன். சினம்கொள்ளும் துப்புரவுத் தொழிலாளியைத் தழுவி அமைதிப்படுத்துகிறான். அசைவற்றுக் கிடக்கும் நோயாளியோடு பேசுகிறான். சினத்தை அடக்கச் சிரித்துப் பழகும் கல்லூரி முதல்வரே சிகிச்சை வேண்டுபவராகத் தோன்றுகிறார். 1794இல் தோன்றிய மனநல மருத்துவமனை அமைந்த ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயரையே ஏளனச் சொல்லாக்கியது தமிழ் நகைச்சுவை. அம்மரபில் இப்படம் நோயாளியை நகையாடாமல் நிறுவனத்தின் இறுக்கத்தை நகையாடுவது குறிப்பிடத்தக்க விலகலாகும்.

தந்தை என்னும் காயம்

இரு கதைகளின் வேரிலும் தந்தையே உள்ளார். சிறுவயதில் கண்ணெதிரே தந்தை கொலையுண்ட குற்றவுணர்வு விட்டியை வாட்டுகிறது. மகன் மருத்துவன் என நம்பி ஏமாந்த தந்தையின் அவமானம் ராஜாவை உந்துகிறது. விட்டி தன் காயத்தை மருத்துவரிடம் சொல்லி அழுகிறான். சொல்லே அங்கு மருந்து. ராஜாவுக்கோ நாகேஷ் ஏற்ற தந்தையின் தழுவலே மருந்தாகிறது. அக்காட்சியின் உருக்கம் மறுக்கவியலாதது. ஆயினும் அங்கு மன்னிக்கப்படுவது மகன் சொன்ன பொய் மட்டுமே. ராஜாவின் ‘வசூல்’ தொழிலில் அடிபட்டவர்கள் அத்தழுவலுக்கு வெளியே நிற்கின்றனர். அவன் ஏன் வன்முறைக்கு வந்தான் என்னும் வினாவைப் படத்தில் எவரும் எழுப்புவதில்லை.

முடிவுரை

பரிவற்ற மருத்துவத்தின்மீது இப்படம் வைக்கும் விமர்சனம் வலுவானது. ஆனால் நோயாளியின் பேச்சைக் கேட்க மறுக்கும் மருத்துவமனையைச் சாடும் படம், தன் நாயகனையும் பேசவிடவில்லை. பிறரது மனங்களைத் திறக்கும் ராஜாவின் மனம் இறுதிவரை திறக்கப்படாமலே உள்ளது. தழுவல் பேச்சுக்குத் தொடக்கமாகலாம். அதற்கு மாற்றாக முடியாது. தமிழ்த் திரையின் ரவுடி நாயகர்களை ஆராய்வோர், அவர்கள் செய்வனவற்றோடு சொல்லாது விடுவனவற்றையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் வேண்டும்.