சுற்றுலாக் கட்டுரையில் குடும்பம் எங்கே?

"குடும்பத்தோடு ஒரு நாள்" என்ற தலைப்பில் உயர்நிலை இரண்டு மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரையைத் திருத்தினேன். இடம் சிங்கப்பூர்ப் பூமலை. கதிரவன் உதித்தான், பறவைகள் பாடின, அனைவரும் மகிழ்ச்சிக் கடலில் மூழ்கினர். எழுத்துப்பிழை இல்லை. ஆனால், பூமலையை எடுத்துவிட்டு விலங்குத் தோட்டம்னு போட்டாலும் கட்டுரை அப்படியே நிற்கும். இதுதான் அதன் பெரிய குறை.

"பாட்டியும் வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"வந்தாங்க டீச்சர். பால்மரத்தப் பார்த்ததும் நின்னுட்டாங்க. சின்ன வயசுல எஸ்டேட்ல மரம் சீவுனாங்களாம்."

"அத ஏன் எழுதல?"

"அதெல்லாம் கட்டுரைக்கு வேணுமா?"

வேண்டும். 1877ஆம் ஆண்டு ரப்பர் கன்றுகள் வந்து சேர்ந்த இடம் இந்தப் பூமலை. 1888 முதல் இதை நிர்வகித்த ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை இங்கேதான் ஆராய்ந்தார். பிறகு மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின; தமிழர்கள் பலர் அந்த வேலைக்கு வந்தார்கள். பாட்டி நின்ற அந்த ஒரு நிமிடத்தில் இவ்வளவும் இருக்கிறது.

தவறு மாணவர்மீது மட்டும் இல்லை. தொடக்க வரிகளை மனப்பாடம் செய்யக் கொடுத்தவர்கள் நாம்தான். மரபுத்தொடர் இருக்கட்டும், அது கண்ட காட்சிக்குப் பொருந்த வேண்டும்.

மாணவர்களே, அடுத்த முறை வெளியே போனால் ஒன்றை உற்றுப் பாருங்கள். வீட்டார் சொன்ன ஒரு வரியைக் குறித்து வையுங்கள். பாட்டி தமிழில் சொன்னதை நீங்கள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?